எருக்கம்பாலும் திருத்தணிப் பனியும்

திருத்தணியில் பனி இறங்கியிருக்கிறது என்று நான் நம்பினேன். ஒரு டீ குடித்து முடிக்கும் வரை முழு மனதோடு நம்பினேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் மானம் மிஞ்சியிருக்கும். டீக்கடையில் நின்றவர்களிடம் அந்தப் பனியை வாய்விட்டுப் பாராட்டவும் செய்தேன்.

“கொடைக்கானல் தோத்துச்சு போங்க. மலையே தெரியல பாருங்க. இப்படி ஒரு பனி இங்க இருக்குன்னு எங்க பக்கம் ஒருத்தரும் சொல்லல.”

எங்கள் பக்கம் என்றால் கோவில்பட்டி. அங்கே திருத்தணி என்ற பெயர் இரண்டு விஷயங்களுக்காகத்தான் காதில் விழும். ஒன்று முருகன். மற்றது, கோடையில் டிவியில் வாசிக்கிற வெயில் கணக்கு. எங்கே கொளுத்தியது என்று சொல்லும்போதெல்லாம் தவறாமல் தலைகாட்டும் ஊர் இது. அந்த ஊரில், ஆவணி மாதத்தில், சூரியன் நன்றாக ஏறிய பிறகு, பனி! சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூக்கு நுனியில் வேர்வை சொட்டியது. இருந்தாலும் பனி என்றே நம்பினேன். கண்ணால் பார்ப்பதை நம்பாமல் வேறு எதை நம்புவது?

டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பார்த்தார் என்று நினைக்கிறேன். அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு ஒரு கறுப்பு மொத்தைதான் தெரிந்தது.

“இன்னாங்க பனி? வெயிலு மண்டைய பொளந்துகினு கீது. கண்ணு கூசலீங்களா?”

கூசத்தான் செய்தது. கடைக்குள் எரிந்த விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி ஒரு வளையம் வேறு. ஊருக்கு வந்த அன்றே மலையேறிச் சாமி கும்பிட்டிருந்தேன் என்பதால், முருகன் எனக்கு மட்டும் தனியாக ஏதோ காட்டுகிறான் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டினேன். பனி. கண்ணாடியே இல்லாமல் பார்த்தேன். அதே பனி. அப்போதுதான் உறைத்தது. பனி ஊரில் இல்லை. என் கண்ணுக்குள் இருந்தது.

எனக்குத் தொழில் போட்டோ பிடிப்பது. கோவில்பட்டியில் ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு எல்லாம் பார்ப்பேன். கண் போய்விட்டால் என்னிடம் மிச்சம் இருப்பது நாக்கு மட்டும்தான். அதை வைத்துப் பிழைப்பதென்றால் அரசியலுக்குத்தான் போக வேண்டும். அதற்கும் வயதாகிவிட்டது.

என்னைத் திருத்தணிக்கு இழுத்து வந்தவள் அகிலா, என் அக்கா மகள். சென்னையில் ஆராய்ச்சி செய்கிறாள். மற்றப் பூச்சிகள் வாய்வைக்கப் பயப்படுகிற விஷச் செடிகளைச் சில புழுக்கள் மட்டும் எப்படித் தின்று கொழுக்கின்றன என்பது அவள் படிப்பு. திருத்தணிப் பக்கம் ஓரிடத்தில் எருக்கஞ்செடிகளில் அவளுக்கு வேண்டிய புழு நிறைய இருக்கிறதாம். பிள்ளையார் சதுர்த்தி நெருங்கினால் மாலை கட்டுகிறவர்கள் பூவோடு கொப்பையும் ஒடித்துப் போய்விடுவார்கள், அதற்குள் படம் பிடித்தாக வேண்டும் என்று போன் செய்தாள்.

“நல்ல போட்டோகிராபரா ஒருத்தர் வேணும் மாமா. சம்பளம் கிடையாது. சாப்பாடு உண்டு.”

“நல்ல போட்டோகிராபர் எவன் வருவான் இதுக்கு?”

“அதான் உங்களக் கூப்பிடுறேன்.”

ஆவணி முகூர்த்தம் ஒன்றில் எனக்குப் பெரிய கல்யாண ஆர்டர் இருந்தது. முன்பணம் வாங்கி கேமராவுக்குப் புது லென்சும் வாங்கியாகிவிட்டது. அதற்குள் திரும்பிவிடலாம் என்று கிளம்பினேன்.

கோவில்பட்டிக்காரனுக்குத் திருத்தணி வெளிநாடுதான். பாஸ்போர்ட் கேட்கவில்லை, அவ்வளவே. அகிலாவோடு இறங்கியதுமே ஓர் ஆட்டோக்காரர் வழிமறித்தார்.

“நைனா, எங்க போவணும்?”

எனக்குச் சுருக்கென்றது. கிளம்புவதற்கு முன்தான் தலைக்குச் சாயம் போட்டிருந்தேன். “யாருக்கு யாரு நைனா? உங்க அப்பா மாதிரியா இருக்கேன்?”

“மரியாதைக்குதாங்க சொல்றது. எங்க ஊட்ல அப்பாவ நைனான்னுதான் கூப்டுவோம்” என்றவர் என் தலையை ஒருமுறை, முகத்தை ஒருமுறை பார்த்தார். “தலைய பாத்தா இல்லீங்க. மூஞ்சிய பாத்தாதான் கொஞ்சம்...”

அவர் பெயர் தணிகாசலம். கோபத்தில் அவர் ஆட்டோ வேண்டாம் என்று சொல்லி, எருக்கு இருக்கிற இடத்தைப் பார்த்துவர, பொதட்டூர்பேட்டை போகும் டவுன் பஸ்ஸில் அகிலாவோடு ஏறினேன். நெசவு ஊருக்குப் போகிற பஸ். உட்கார இடம் கிடைத்த நொடியில் ஒருவர் லுங்கி மூட்டை ஒன்றை என் மடியில் வைத்துவிட்டு, “கொஞ்சம் புடிச்சிக்கோங்க” என்று முன்பக்கம் போய்விட்டார். பிறகு அவரைக் காணவில்லை. இறங்க வேண்டிய இடம் வந்தது. மூட்டையை யாரிடம் கொடுப்பது? கண்டக்டர் விசில் ஊத, அகிலா கீழே நின்று கத்த, நான் மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி அடுத்த நிறுத்தம் வரை போனேன். மூட்டைக்காரர் சாவகாசமாக வந்து, “இங்கியேதான் நானும் எறங்கணும். டேங்க்ஸுங்க” என்றார். திரும்பி நடந்து வந்தேன். அன்றிலிருந்து தணிகாசலம் ஆட்டோதான்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. காலையில் இட்லியோடு வடகறி என்று ஒன்று வைத்தார்கள். எங்கள் ஊரில் வடை மிஞ்சினால் மறுநாள் தயிரில் போடுவோம். இங்கே கடலைப்பருப்பை வடையாக்கி, உதிர்த்து, மசாலாவில் குளிப்பாட்டிப் புதுப் பிறவி கொடுத்திருந்தார்கள். மூன்று தடவை வாங்கினேன். மதியம் பருப்புப் பொடியும் புளிச்சக்கீரை ஊறுகாயும். ஆந்திரா இன்னும் கொஞ்ச தூரம் தள்ளி என்று வரைபடம் சொல்கிறது. ஊறுகாய் அப்படிச் சொல்லவில்லை. பதிலுக்கு ஊருக்குப் பெருமை சேர்க்க நான் கொண்டுபோன கடலைமிட்டாயை மலைப்படியில் ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டது. பிரித்துத் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று என் பையைப் பார்த்தது. கோவில்பட்டி சரக்கு அங்கே வந்து தோற்கவில்லை.

மறுநாள் வேலை. முனிரத்தினம் என்ற விவசாயியின் நிலம். கரும்பு, பக்கத்தில் கொஞ்சம் கத்தரி, வாய்க்கால் ஓரம் முழுக்க எருக்கு. ஆட்டோவில் போகும்போது தணிகாசலம் யாருடனோ போனில் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார். கோவில்பட்டியில் எனக்கு இடமும் வலமும் தெலுங்கு பேசுகிற வீடுகள் என்று அவருக்குத் தெரியாது. அவர் சொன்னதின் சாரம் இது: “புழுவைப் போட்டோ எடுக்க வந்திருக்கிறார்கள் பாவா. ஆமாம், புழுவைத்தான். இல்லை இல்லை, குடித்திருப்பதாகத் தெரியவில்லை. அந்தப் பெண் படித்த பெண். கூட வந்திருப்பதுதான் கொஞ்சம் ஒரு மாதிரி.”

முனிரத்தினத்துக்கும் அதே சந்தேகம். இடுப்பில் கை வைத்து நின்று எங்களையே பார்த்தார்.

“ஏம்மா, கத்திரிக்கா புழுவ சாவடிக்க எதுனா சொல்லுவீங்கன்னு பாத்தா, எருக்கம்புழுவ போட்டா புடிச்சிகினு கீறீங்களே. முன்னல்லாம் ஒரு தபா மருந்து அடிச்சா சுருண்டு வுயும். இப்ப அதையே அடிச்சா, குளிச்சிட்டு வந்த மாதிரி ஜம்முனு மேஞ்சிகினு கீது.”

“சாகாம தப்பிச்சதோட வாரிசுங்கதான் இப்ப இருக்கிறது. அதான் மருந்து எடுபடல” என்றாள் அகிலா. “எருக்குலயும் அதே கதைதான். என்ன, இங்க மருந்து அடிக்கிறது மனுஷன் இல்ல, செடியே அடிக்குது.”

“ஆங். அப்ப செடிக்கும் என் கதிதானா?” என்று முனிரத்தினம் எருக்கை முதன்முறையாகப் பரிவோடு பார்த்தார்.

நான் என் வேலையைத் தொடங்கினேன். வெந்தய வரியன் என்கிற பட்டாம்பூச்சியின் புழு. வெள்ளை, கறுப்பு, மஞ்சள் என்று பட்டை பட்டையாக, முதுகில் கறுப்புக் கொம்புகளோடு, கல்யாணப் பெண் கெட்டாள் போங்கள், அத்தனை அலங்காரம். பழக்க தோஷத்தில், “கொஞ்சம் தலையத் தூக்குங்க... ஆங், அப்படியே இருங்க” என்று சொல்லிவிட்டேன். முனிரத்தினம் தணிகாசலத்தைப் பார்த்தார். தணிகாசலம் ‘நான்தான் சொன்னேனே’ என்பது போலத் தலையாட்டினார்.

ஒரு புழு வினோதமாக நடந்துகொண்டது. இலையைத் தின்னாமல், இலையின் நடு நரம்பைப் போய்க் கடித்தது. பால் குபுக்கென்று வடிந்தது. விலகி நின்றது. வடிந்து முடிந்ததும் நரம்புக்கு அந்தப் பக்கம் போய்ச் சாவதானமாக மேய ஆரம்பித்தது. முட்டையிலிருந்து வந்த பொடிப் புழுக்கள் பல அந்தப் பாலிலேயே ஒட்டிக்கொண்டு செத்துப்போகும், அதனால்தான் இந்த முன்ஜாக்கிரதை என்று அகிலா சொன்னாள். நான் லென்ஸை மாற்றுகிற மும்முரத்தில் பாதிதான் கேட்டேன்.

திரும்புகிற வழியில் செருப்பைத் துளைத்துக்கொண்டு சீமைக்கருவேல முள் என் குதிகாலில் ஏறி முறிந்தது. கரிசல்காட்டில் பிறந்தவனுக்கு இதற்கு வைத்தியம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முள் தைத்த இடத்தில் எருக்கம்பால் விட்டால் முள் இளகி மேலே வரும். பக்கத்திலேயே எருக்கு. இரண்டு இலையைக் கிள்ளி, கையெல்லாம் வழிய வழியப் பாலை விட்டேன்.

“மாமா, கையக் கழுவுங்க. அது விஷம்.”

“போ புள்ள. இத்தினிக்காணு புழு அதையே தின்னுட்டுத் தெம்பா இருக்கு. எழுபது கிலோ ஆளு, என்னய என்ன செஞ்சிரும்?”

கையைத் தோளில் கிடந்த துண்டில் துடைத்தேன். வெயில். வேர்வை கண்ணில் இறங்கியது. அதே துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தேன், இரண்டு கண்களையும் சேர்த்து. லேசாகக் காந்தியது. பாட்டில் தண்ணீரை ஒரு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டதும் காந்தலும் போய்விட்டது. “பாத்தியா, ஒண்ணுமில்ல” என்று அகிலாவிடம் ஜம்பமும் அடித்தேன். முள் வரவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். அதை அகிலா ஊக்கால் எடுத்தாள்.

மறுநாள் காலைதான் அந்தப் பனி.

டீக்கடையிலிருந்து அகிலாவுக்குப் போன் செய்யக்கூட எழுத்து தெரியவில்லை. டீ மாஸ்டர்தான் நம்பரைத் தேடிப் போட்டுக் கொடுத்தார். “அகிலா, எனக்குக் கண்ணு போயிருச்சு” என்றேன். யாரோ எனக்கு நாற்காலி போட்டார்கள். இன்னொருவர் தண்ணீர் கொடுத்தார். பனியைப் பாராட்டியபோது சிரித்த அதே ஆட்கள்தான்.

அகிலா தணிகாசலத்தோடு வந்தாள். என்னை ஆட்டோவில் ஏற்றினார்கள். வழியில் ஆட்டோ நின்றது. ஓர் அம்மா கூடையோடு ஏறி, இடம் போதாமல் கூடையை என் மடிப்பக்கம் நகர்த்தினார். எனக்கு வாசனை தெரிந்துவிட்டது.

“என்னம்மா இது?”

“எருக்கம்பூங்க. புள்ளையாருக்கு.”

நான் அலறிய அலறலில் தணிகாசலம் பிரேக் போட்டார். “பயப்படாதம்மா. அவரு எருக்கம்பால கண்ல உட்டுகினாரு, அதான் ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு போறேன்” என்று விளக்கம் சொன்னார். அந்த அம்மா என்னையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்திருப்பார்.

“கண்ல உட்டுக்க ஊர்ல வேற ஒண்ணுமே கெடைக்கலியா, பாவம்” என்றார்.

கண் டாக்டர் ஒரு பெண். குரலை வைத்து முப்பத்தைந்து வயது என்று கணித்தேன். முகம் தெரியவில்லை.

“நேத்து கண்ணுல ஏதாவது பட்டுச்சா?”

“இல்லையே டாக்டர்.”

“எருக்கம்பால்” என்றாள் அகிலா.

கருவியில் தாடையை வைக்கச் சொல்லி வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார். “வலிச்சுதா?”

“கொஞ்சம்கூட இல்ல. அதனாலதான்...”

“அதான் இதுல பிரச்சினையே. வலிச்சிருந்தா அப்பவே ஓடி வந்திருப்பீங்க. பட்ட உடனே தண்ணியில நல்லா, விடாம அலசியிருக்கணும்.” பிறகு விளக்கினார். கருவிழிக்கு உள்பக்கம் ஒரே ஒரு அடுக்காகச் செல்கள் இருக்கின்றன. கருவிழிக்குள் ஊறுகிற தண்ணீரை இறைத்து வெளியே தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னப் பம்புகள். எருக்கம்பாலில் இருக்கிற விஷம் அந்தப் பம்பை நிறுத்திவிட்டது. தண்ணீர் தேங்கி, கருவிழி வீங்கி, கண்ணாடியாக இருந்தது பால் கண்ணாடியாகிவிட்டது.

“போர் மோட்டார் ஜாம் ஆயிட்ச்சு” என்று வாசலில் நின்ற தணிகாசலம் சுருக்கிச் சொன்னார்.

“சரியாயிரும்ல டாக்டர்?” என்றேன்.

“பெரும்பாலும் சரியாயிடும். சொட்டு மருந்து தர்றேன். ஆனா அந்த செல்லுங்க செத்துப்போச்சுன்னா திரும்ப முளைக்காது. எத்தனை தப்பிச்சிருக்குன்னு வீக்கம் வடிஞ்சாதான் சொல்ல முடியும். வலது கண்ணு கொஞ்சம் அதிகமா இருக்கு.”

வலது கண். கேமராவில் வைக்கிற கண்.

அந்த நேரத்தில், என் சொந்த அக்கா மகள், தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை, உற்சாகமாகக் கூவினாள்: “அதே பம்பு மாமா! சோடியம் பம்பு! புழுவுலயும் எருக்கு விஷம் குறிவைக்கிறது அதே பம்பத்தான்!”

ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். என்னை ஆராய்ச்சியில் சேர்த்துவிட்டாள்.

லாட்ஜ் அறையில் கறுப்புக் கண்ணாடியோடு கிடந்தேன். பீதியில் நான் செய்தவற்றை வரிசைப்படுத்தினால் இந்தப் பத்திரிகையில் இடம் போதாது. முதலில், பார்வை இல்லாமல் வாழப் பழகலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு குளியலறைக்கு நடந்து, கட்டில் காலில் விரலை இடித்துக்கொண்டேன். பிறகு ஸ்டூடியோவை யாருக்கு விற்பது என்று யோசித்து, வாங்க வருகிறவன் பேரம் பேசுவதைக் கற்பனை செய்து, அந்தக் கற்பனை ஆளோடு சண்டை போட்டேன். முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, அது போதாதோ என்று காவடியும் சேர்த்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. அவள் வீடியோவில் கூப்பிட்டாள்.

“அதென்ன ரூமுக்குள்ள கறுப்புக் கண்ணாடி?”

“ஸ்டைல்.”

“யாருக்கு, உங்களுக்கா?” என்றாள். சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். சந்தேகமே வரவில்லை. இத்தனை வருடம் கோமாளித்தனம் செய்ததில் கிடைத்த ஒரே லாபம் அது.

காலையில் எழுந்தால் பனி கெட்டியாக இருக்கும். பொழுது ஏற ஏற மெலியும். தூங்கும்போது கண் மூடியிருப்பதால் தண்ணீர் அதிகம் தேங்கும், திறந்திருந்தால் கொஞ்சம் ஆவியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியானால் நான் தூங்கப் போவதே இல்லை என்று சபதம் செய்தேன். பக்கத்து அறை வரை குறட்டை கேட்டதாக அகிலா பிற்பாடு சொன்னாள்.

அவள் புழுக்களை ஒரு டப்பாவில் எருக்கிலையோடு அறைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தாள். அவை இரவு பகல் பாராமல் தின்றுகொண்டே இருந்தன. எனக்கு எரிச்சலாக வந்தது.

“அந்தப் பால்ல இந்தச் சனியனுங்களுக்கு மட்டும் எப்படி ஒண்ணும் ஆகல?”

“விஷம் பம்புல ஒரு பொந்துல போய் உட்காரும் மாமா. பூட்டுல குச்சியச் சொருகின மாதிரி. இதுங்களுக்கு அந்தப் பொந்து கொஞ்சம் கோணல். விஷம் சரியா உட்காராது.”

“தின்னு தின்னு பழகிருச்சாக்கும். அப்ப நானும் தினம் ஒரு சொட்டு...”

“அடி வாங்கப் போறீங்க. எந்தப் புழுவும் பழகல. ஏதோ ஒரு காலத்துல, பிறக்கும்போதே சிலதுக்குப் பொந்து கோணலா அமைஞ்சுபோச்சு. எருக்கத் தின்னும்போது அதுங்க பொழச்சுது, முட்டை போட்டுச்சு. நேரா இருந்ததெல்லாம் செத்துச்சு. தலைமுறை தலைமுறையா இதேதான். இங்க ஒண்ணு ஜம்முனு மேயுதுன்னா, அதுக்குப் பின்னால செத்தது எவ்வளவோ.”

டப்பாவுக்குள் இருந்தவை மேல் முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது.

“அப்ப கோணலாப் பொறக்கிறதுதான் நல்லதா?”

“சும்மா கிடைக்காது. கோணல் பம்பு மந்தமா ஓடும். அதச் சரிக்கட்டக் கூடவே வேற ஒரு சின்ன மாற்றமும் இருக்கணும். அதான் ஒரே தாவுல வரல, படிப்படியா வந்திருக்கு. வேடிக்கை என்னன்னா, வண்டு, நாவாய்ப்பூச்சி, இலைக்குள்ள சுரங்கம் தோண்டுற ஒரு ஈ, இதுங்களுக்குள்ள ஒட்டும் இல்ல உறவும் இல்ல. ஆனா தனித்தனியா எல்லாம் பம்புல அதே பொந்துகிட்டதான் மாறியிருக்கு.”

“இவ்வளவு ஆன பிறகும் நரம்பக் கடிச்சுப் பால வடிய விட்டுட்டுத்தான் தின்னுது” என்றேன். நான் எடுத்த படம் ஞாபகம் வந்தது.

“ஆமா மாமா. விஷம் பெருசா ஒண்ணும் செய்யாட்டியும் பால் ஒட்டுமே. செடி ஒண்ணு செஞ்சா இது ஒண்ணு செய்யும். அது முடியாத சண்டை.”

கோடி தலைமுறை கண்ட புழு, இலையில் வாய்வைக்கும் முன் பாலை வடிய விடுகிறது. ஒரு தலைமுறைகூடக் காணாத நான் அதைத் துண்டில் துடைத்து முகத்தில் பூசிக்கொண்டேன். எங்களில் யார் புழு என்று அகிலா கேட்கவில்லை. பெரிய மனசு.

அறைக் கதவில் லாட்ஜ் விதிமுறைப் பலகை ஒன்று மாட்டியிருந்தது. அதுதான் எனக்கு அளவுகோல். முதலில் அங்கே ஒரு பலகை இருப்பதே தெரியவில்லை. பிறகு ‘விதிமுறைகள்’ என்ற கொட்டை எழுத்து தெரிந்தது. அப்புறம் ஒரு மாலையில் ‘அறையில் சமைக்கக் கூடாது’ என்று சத்தமாகப் படித்தேன். அகிலா கைதட்டினாள். மறுநாள் ‘சீட்டாடக் கூடாது’, ‘பொருள்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று வரிசையாக இறங்கினேன். ஒரு தடை உத்தரவை இத்தனை ஆனந்தமாக யாரும் வாசித்திருக்க மாட்டார்கள். மனப்பாடமாகச் சொல்கிறேனோ என்று அகிலாவுக்குச் சந்தேகம். மருந்து டப்பாவின் பொடி எழுத்தை நீட்டினாள். இடது கண்ணால் படித்தேன். வலது கண்ணால் பாதி.

அந்தப் பாதியை நினைத்துக்கொண்டே, கடைசிப் பரிசோதனைக்கு முன்பாக, காலையிலேயே மலைக்குப் போனோம்.

“பூமுடி குடுத்தா போதும்னு நினைக்கிறேன். ரெண்டு இணுக்கு வெட்டிவிட்டா சாமி ஏத்துக்கும்” என்றேன்.

“மொட்டைன்னுதான் சொன்னீங்க. காவடியும் சொன்னீங்க.”

“கண்ணு தெரியாத நேரத்துல சொன்னதெல்லாம் கணக்குல வராது புள்ள.”

“வலது கண்ணு இன்னும் பாக்கி இருக்கு மாமா.”

உட்கார்ந்தேன். சாயமும் முடியும் ஒன்றாகப் போயின. தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு வெளியே வந்து கீழே பார்த்தேன். குளம், கூரைகள், தண்டவாளம், அதில் ஊர்ந்த ரயில், பச்சையாகக் கரும்பு, எல்லாம் தனித்தனியாக, ஓரம் ஓரமாகத் தெரிந்தன. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. படியிறங்கியபோது காத்திருந்த தணிகாசலம் என்னைத் தாண்டி வேறு யாரையோ தேடினார். அடையாளம் தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

“சொல்லுய்யா, நைனான்னே சொல்லு.”

“அது முன்னங்க. இப்ப தாத்தான்னுதான் வருது.”

காவடியை அடுத்த ஆடிக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். மலையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் என் தாடையைக் கருவியில் வைத்து, வலது கண்ணை நெடுநேரம் பார்த்தார். இந்த முறை அவர் முகம் தெரிந்தது. நான் கணித்ததைவிட வயது அதிகம். அகிலா என் தோளில் கை வைத்திருந்தாள்.

“வீக்கம் வடிஞ்சிடுச்சு. சில செல்லு போயிருக்கு, மீதி இருக்கிறது வேலைக்குப் போதும். அந்தக் கடைசி வரியப் படிங்க.”

இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, கடைசி வரியை முழுதாகப் படித்தேன். வலது கண்ணின் உள் அடுக்கில் சில செல்கள் செத்துவிட்டன. மற்றவை அவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்து, தேங்கிய தண்ணீரை இறைத்து வெளியேற்றிவிட்டன. பார்வை திரும்பிவிட்டது. அந்த ஆவணிக் கல்யாணத்தில் தாலி கட்டுகிற படத்தை வலது கண்ணை வைத்துத்தான் எடுத்தேன்.